லிஃப்ட் நிற்காத மாடிகள்

கட்டடம் இடிந்து விழுவதைப் பார்ப்பதில் மனிதனுக்கு ஒரு குரூர சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. யூடியூபில் அப்படிப்பட்ட வீடியோக்களுக்குக் கூட்டம் அள்ளுகிறது. அவற்றுக்கெல்லாம் தாத்தா என்று ஒன்று உண்டு. 1972-ல் எடுத்த படம். 11 மாடிக் கட்டடம் ஒன்று, ஒரு கணம் யோசிப்பது மாதிரி நின்று, பிறகு அப்படியே மடங்கிப் புழுதிக்குள் உட்காரும். இடம், அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் நகரம். குடியிருப்பின் பெயர் ப்ரூயிட் ஐகோ.

உங்கள் வீட்டில் ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இந்தப் படத்தை எப்படியும் பார்த்திருப்பார்கள். கூடவே ஒரு நீதிபோதனையும் கேட்டிருப்பார்கள். ஏழைகளை அடுக்குமாடியில் வைத்தால் இப்படித்தான் முடியும் என்பது அதன் சாரம். சார்லஸ் ஜென்க்ஸ் என்ற விமரிசகர் 1977-ல் எழுதிய புத்தகத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். நவீனக் கட்டடக்கலை செத்துப்போன தேதியையே குறித்துக் கொடுத்துவிட்டார். 1972 ஜூலை 15, மாலை 3.32 மணி. ஜோசியர்கள் ஜனனத்துக்குத்தான் இவ்வளவு துல்லியம் பார்ப்பார்கள். இவர் மரணத்துக்குப் பார்த்தார்.

இதில் ஒரு வேடிக்கை, முதல் கட்டடம் அதே வருடம் மார்ச் மாதமே விழுந்துவிட்டது. அதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. தீர்ப்பு அத்தனை சுவாரசியமாக இருந்தது. குற்றவாளி, கட்டடம். கூட்டாளி, அதை வரைந்த ஆர்க்கிடெக்ட். கேஸ் முடிந்தது.

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஏதாவது ஒன்று திவாலானால் உடனே கணக்குப் புத்தகத்தைக் கேட்பான். ப்ரூயிட் ஐகோவின் கணக்கைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

*

முதலில் அது என்ன குடியிருப்பு என்று பார்த்துவிடலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். செயின்ட் லூயிஸின் மையப் பகுதியில் குடிசைகளும் இற்றுப்போன பழைய செங்கல் வீடுகளும் நிறைய. 1949-ல் அமெரிக்க அரசு ஒரு வீட்டு வசதிச் சட்டம் கொண்டுவந்தது. சேரிகளை அகற்றிப் புது வீடு கட்ட மத்திய அரசின் பணம் வந்தது. அந்தப் பணத்தில் எழுந்ததுதான் இது. 33 கட்டடங்கள். ஒவ்வொன்றும் 11 தளம். மொத்தம் 2,870 வீடுகள். 1954-ல் ஆட்கள் குடிவர ஆரம்பித்தார்கள்.

வரைந்தவர் மினோரு யமசாகி. பெயரைக் கேட்டதில்லையா? அவருடைய இன்னொரு வேலையை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். நியூயார்க்கின் உலக வர்த்தக மையம். அந்த இரட்டைக் கோபுரங்களும் அவர் கைவண்ணம்தான். பாவம், மனிதர் செய்த இரண்டு பெரிய வேலைகள் உலகமே பார்க்க விழுந்திருக்கின்றன. இரண்டாவது விழுந்ததைப் பார்க்க அவர் இல்லை.

யமசாகியின் முதல் யோசனை எல்லாமே 11 மாடி என்பதல்ல. தாழ்வான வீடுகள், நடுத்தர உயரம், கொஞ்சம் உயரம் என்று கலந்து கட்டலாம் என்றுதான் வரைந்தார். அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். ஒரே உயரத்தில் எல்லாவற்றையும் எழுப்பினால் வீட்டுக்கு இவ்வளவு மிச்சம் என்றார்கள். ஆகவே 11.

லிஃப்டிலும் ஒரு சிக்கனம் செய்தார்கள். எல்லாத் தளத்திலும் நிற்காது. 1, 4, 7, 10 ஆகிய தளங்களில் மட்டும் நிற்கும். (நம்முடைய தரைத்தளம் அவர்களுக்கு 1.) ஐந்தாம் தளத்துக்காரர் நாலில் இறங்கி ஒரு மாடி ஏற வேண்டும். ஆறாம் தளத்துக்காரர் ஏழில் இறங்கி ஒரு மாடி இறங்க வேண்டும். லிஃப்ட் நிற்கிற தளங்களில் நீளமான, அகலமான தாழ்வாரம். குழந்தைகள் விளையாடலாம், பெண்கள் துணி துவைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசலாம். வானத்தில் ஒரு தெரு. காகிதத்தில் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. 1951-ல் ஒரு பெரிய கட்டடக்கலைப் பத்திரிகை இந்தத் திட்டத்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது.

பிறகு பட்ஜெட்டில் கத்தரிக்கோல் நுழைந்தது. தரைத்தளத்தில் பொதுக் கழிப்பறை வேண்டாம் என்றார்கள். விளையாட்டுத் திடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கதவுக் குமிழ், பூட்டு எல்லாம் மட்ட ரகம். சமையலறை அலமாரிக்கு மெல்லிய பலகை. குளிர்காலத்தில் சுடும் நீராவிக் குழாய்கள் வீட்டுக்குள்ளேயே மூடாமல் ஓடின. வெளியே விளையாடிக்கொண்டிருக்கிற ஐந்து வயதுக் குழந்தைக்கு அவசரம் என்றால், லிஃப்டுக்குக் காத்திருந்து, நாலாவதில் இறங்கி, ஐந்தாவதுக்கு ஏறி, வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். லிஃப்டில் மூத்திர நாற்றம் வந்தது இப்படித்தான். அப்புறம் ஊரே சொன்னது, 'இந்த ஜனங்களுக்கு லிஃப்ட் கொடுத்தா என்ன பண்றாங்க பாரு!'

இத்தனைக்கும் குடிவந்த புதிதில் அங்கே சந்தோஷம் இருந்தது. ஒழுகும் கூரையிலிருந்து, பத்துக் குடும்பத்துக்கு ஒரு கழிப்பறையிலிருந்து வந்தவர்கள். வீட்டுக்குள்ளேயே பாத்ரூம். குழாயைத் திறந்தால் வெந்நீர். ஜன்னலைத் திறந்தால் நகரம். 1957-ல் நூற்றுக்கு 91 வீடுகளில் ஆள் இருந்தார்கள்.

அதுதான் உச்சம். அதன்பிறகு அந்த எண்ணிக்கை ஏறவே இல்லை.

*

பி.காம். முதல் வருடத்தில் ஒரு பாடம் வரும். மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு. ஒரு முறை போட்டு நிரந்தரமாகக் கிடைப்பது முதல் வகை. மாதாமாதம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியது இரண்டாவது. மெஷின் வாங்குவது அது, எண்ணெய் போடுவது இது. பரீட்சைக்கு மறுநாள் மறந்துவிடக் கூடிய பாடம்தான். அமெரிக்க அரசாங்கம் மறந்தது இதைத்தான்.

கட்டுகிற செலவு மத்திய அரசினுடையது. லிஃப்ட் ரிப்பேர், பைப், பெயின்ட், பெருக்குகிற ஆள், காவல்காரர் எல்லாம் யார் செலவு? குடியிருப்பவர்கள் தரும் வாடகையிலிருந்து. அதாவது ஊரிலேயே குறைந்த வருமானம் உள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் குடிவைத்து, 33 கட்டடங்களுக்கு எண்ணெய் போடுகிற பொறுப்பை அவர்கள் தலையில் கட்டினார்கள்.

வருமான உச்சவரம்பு வேறு. கொஞ்சம் சம்பளம் ஏறினால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். வாடகையை ஒழுங்காகக் கட்டக்கூடிய ஆசாமி யாரோ, அவரைத்தான் முதலில் வெளியே அனுப்பினார்கள். அரசாங்க வீடு தனியார் ரியல் எஸ்டேட்டுக்குப் போட்டியாக வந்துவிடக் கூடாது என்று அந்தத் தொழில்காரர்கள் வாஷிங்டனில் கடுமையாக வேலை பார்த்திருந்தார்கள். அரசாங்க வீடு ஏழைக்கு மட்டும் என்றானது அப்படித்தான்.

இதற்கு நடுவே நகரம் காலியாகிக்கொண்டிருந்தது. செயின்ட் லூயிஸ் வளர்ந்துகொண்டே போகும் என்று நம்பித்தான் அத்தனை வீடு கட்டினார்கள். 1950-ல் அங்கே ஜனத்தொகை சுமார் 8.57 லட்சம். 1970-ல் 6.22 லட்சம். (2020 கணக்கெடுப்பில் 3 லட்சம்தான்.) வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள். அரசாங்கம் உத்தரவாதம் தந்த வீட்டுக் கடன் அவர்களுக்குக் கிடைத்தது, கறுப்பர்களுக்குக் கிடைக்கவில்லை. போவதற்குப் புதுசாக நெடுஞ்சாலை. அவர்கள் பின்னாலேயே தொழிற்சாலைகளும் போயின.

குடியிருப்பின் பெயரிலேயே இந்தக் கதை இருக்கிறது. வெண்டல் ப்ரூயிட், உலகப் போரில் விமானம் ஓட்டிய கறுப்பின வீரர். வில்லியம் ஐகோ, வெள்ளை இன எம்.பி. ப்ரூயிட் பகுதி கறுப்பர்களுக்கு, ஐகோ பகுதி வெள்ளையர்களுக்கு என்றுதான் முதலில் பிரித்தார்கள். இனம் பிரித்து வைப்பது செல்லாது என்று கோர்ட் சொல்ல, வெள்ளைக் குடும்பங்கள் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டன.

இனி சக்கரம் எப்படிச் சுழலும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். வீடு காலியானால் வாடகை குறையும். வாடகை குறைந்தால் பராமரிப்பு குறையும். லிஃப்ட் நிற்கும், பல்பு எரியாது. அதைப் பார்த்து, வேறு வழி இருக்கிறவன் கிளம்புவான். இன்னும் வாடகை குறையும். பள்ளத்தைச் சரிக்கட்ட, மிச்சமிருப்பவர்களுக்கு வாடகையை ஏற்றினார்கள். ஏற்கெனவே முடியாதவர்கள், என்ன செய்வார்கள்? 1969-ல் வாடகை தர மாட்டோம் என்று ஸ்டிரைக். செயின்ட் லூயிஸின் அரசுக் குடியிருப்புகளில் ஒன்பது மாதம் நீடித்தது. வருமானத்தில் கால் பங்குக்கு மேல் வாடகை கேட்கக் கூடாது என்று அதே வருடம் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் கஜானா அதற்குள் காலி. உடைந்த ஜன்னல் வழியே பனி புகுந்து, குழாய்கள் உறைந்து வெடித்தன. 1971-ல் 16 கட்டடங்களைப் பூட்டிவிட்டார்கள். மீதி 17 கட்டடங்களில் இருந்தவர்கள் வெறும் 600 பேர்.

1972-ல் வெடி வைத்தார்கள். 1976-க்குள் 33-ம் தரைமட்டம். 1949-ல் போட்ட கணக்கு இருபத்தேழு வருடத்தில் முடிந்தது.

*

கணக்கு மட்டும் போதாது. மனிதர்களும் இருக்கிறார்களே.

லீ ரெயின்வாட்டர் என்ற சமூகவியலாளர் 1960-களில் தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு ப்ரூயிட் ஐகோவுக்குள் போனார். வீடு வீடாக உட்கார்ந்து பேசினார்கள். வருடக்கணக்கில் பேசினார்கள். 1970-ல் அது புத்தகமாக வந்தது.

அங்கே இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சிறுவர்கள். வயதுக்கு வந்த ஆண்கள் மிகக் குறைவு. ஏன்? ஆண்கள் ஓடிப்போனார்கள் என்று சொல்லிவிடலாம், சுலபம். அரசு உதவித்தொகையின் விதிமுறையைப் படித்தால் வேறு விஷயம் தெரியும். குழந்தைகளுக்கான மாத உதவி வேண்டுமென்றால், உழைக்கக் கூடிய உடம்போடு ஓர் ஆண் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. வேலை போன தகப்பனுக்கு முன்னால் இரண்டே வழி. கூட இருந்து பிள்ளைகளைப் பட்டினி போடலாம். அல்லது வீட்டைவிட்டுப் போய் அவர்களுக்குச் சோறு கிடைக்க வைக்கலாம். ராத்திரி சோதனை போட அதிகாரி வந்தால் அலமாரிக்குள் ஒளிந்துகொண்ட தகப்பன்கள் உண்டு.

ஆயிரக்கணக்கான பிள்ளைகள், சில நூறு ஆண்கள், ஓடாத லிஃப்ட், எரியாத விளக்கு. அந்த நீளத் தாழ்வாரம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. சமூகவியல் படிக்காமலேயே மீதியை ஊகிக்கலாம்.

ரெயின்வாட்டர் 1966-ல் எழுதிய ஒரு கட்டுரை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆளுக்கு ஆள் வீடு என்ற சொல்லின் அர்த்தம் மாறுகிறது என்கிறார். வசதியானவனுக்கு வீடு, தான் யார் என்று ஊருக்குக் காட்டுகிற இடம். கீழ்த்தட்டில் இருப்பவனுக்கு அது ஒளிந்துகொள்கிற இடம். வெளியே இருக்கிற ஆபத்து உள்ளே வராமல் இருந்தால் போதும். அவனுக்கு வானத்துத் தெருவைக் காட்டிலும் பூட்டக் கூடிய கதவு பெரிய விஷயம். ப்ரூயிட் ஐகோவில் தெருவுக்கு யோசித்தார்கள், பூட்டில் மிச்சம் பிடித்தார்கள்.

அதற்காக ஆர்க்கிடெக்டை முழுக்க விடுதலை செய்துவிட முடியாது. ஆஸ்கர் நியூமன் என்பவர் 1972-ல் ஒரு புத்தகம் எழுதினார். ப்ரூயிட் ஐகோவுக்கு எதிர்ச் சாரியிலேயே கார் ஸ்கொயர் என்று இன்னொரு அரசுக் குடியிருப்பு. தாழ்வான வீடுகள். அதே மாதிரி ஏழை ஜனங்கள். அங்கே இந்தப் பிரச்னை இல்லை. இரண்டு மூன்று குடும்பங்களுக்கு ஒரு வாசற்படி என்றால் அதை அவர்களே பெருக்கிக்கொள்வார்கள், புது ஆள் வந்தால் யாரென்று கேட்பார்கள். இருபது குடும்பத்துக்கு ஒரு தாழ்வாரம் என்றால் அது அநாதை. இதுதான் நியூமனின் வாதம். நியாயமான வாதம். நம் ஊர் ஒண்டுக்குடித்தனத்தில் முற்றம் யாருடையது என்ற சண்டையை நினைத்துக்கொண்டால் உடனே புரியும்.

ஆக, பிள்ளைகள் நிறைந்த குடும்பங்களை 11 மாடியில் ஏற்றியது தப்பு. ஆனால் உயரம் என்பது பராமரிப்பைக் கூடுதலாகக் கேட்கிற ஒரு தப்பு. பணம் இருந்தால் அந்தத் தப்போடு குடித்தனம் பண்ணலாம். இல்லாவிட்டால் முடியாது.

காத்தரீன் பிரிஸ்டல் என்ற ஆய்வாளர் 1991-ல் ஒரு கட்டுரையில் இதையெல்லாம் எடுத்து வைத்து, கட்டடத்தின் மேல் பழி போடுவது ஒரு கட்டுக்கதை என்றார். அந்தக் கதையால் லாபம் அடைந்தவர்கள் யார் என்றும் கேட்டார். ஆர்க்கிடெக்டுகளுக்கேகூட ஒரு லாபம் இருந்தது. தங்கள் பேனாவுக்கு ஒரு நகரத்தையே அழிக்கிற வல்லமை இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? 2011-ல் சாட் ஃப்ரெய்ட்ரிக்ஸ் இதே தலைப்பில் ஒரு டாக்குமெண்டரி எடுத்தார். அவசியம் பாருங்கள். அங்கே வாழ்ந்தவர்கள் பேசுகிறார்கள். அழுதுகொண்டே சிரிக்கிறார்கள். எனக்கு அதில் ஒரே ஒரு குறை. கட்டடத்தை நிரபராதி என்று நிரூபிக்கிற வேகத்தில், கட்டடத்துக்குள் போய் நின்று நிதானமாகப் பார்க்க மறந்துவிட்டது. அந்த லிஃப்டையும் தாழ்வாரத்தையும் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

அவர்கள் விட்ட லிஃப்டை நாம் பிடிப்போம்.

*

எல்லா மாடியிலும் நிற்காத லிஃப்ட், நீளமான பொதுத் தாழ்வாரம், பெட்டி பெட்டியாக உயர்ந்த கான்கிரீட், உள்ளே குடிசையிலிருந்து வந்த ஏழை ஜனங்கள். இதே நாலு அம்சமும் அப்படியே பொருந்துகிற இன்னொரு ஊர் உண்டு. நம்மவர்கள் நிறையப் பேர் வாழ்கிற ஊர். சிங்கப்பூர்.

1960-ல் அங்கே வீட்டு வசதி வாரியம் தொடங்கினார்கள். எச்.டி.பி. மறு வருடம் மே 25-ம் தேதி புக்கிட் ஹோ ஸ்வீ என்ற குடிசைப் பகுதியில் பெரும் தீ. சுமார் 16,000 பேர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்த இடத்திலேயே அவசர அவசரமாக அடுக்குமாடி எழுப்பினார்கள். முதல் ஐந்து வருடத்தில் எச்.டி.பி. கட்டியது 50,000 வீடுகளுக்கு மேல். அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தீப்பெட்டிகள். செலவைக் குறைக்க லிஃப்டைச் சில மாடிகளில் மட்டும் நிறுத்தினார்கள். செயின்ட் லூயிஸில் செய்த அதே சிக்கனம். எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்க ஏற்பாடு செய்யும் திட்டம் 2001-ல்தான் வந்தது.

ஆக, பல சிங்கப்பூர்க் குடும்பங்கள் முப்பது நாற்பது வருடம் மூட்டு வலியோடு ஒரு மாடி ஏறி இறங்கியிருக்கின்றன. முணுமுணுத்திருக்கிறார்கள். ஆனால் யாரும் வெடி வைக்கவில்லை.

என்ன வித்தியாசம்? 1964-ல் வீட்டைச் சொந்தமாகவே வாங்கலாம் என்று சொன்னார்கள். 1968-ல் சேமநிதியிலிருந்து, அதாவது நம் பி.எஃப். மாதிரியான கணக்கிலிருந்து, தவணை கட்டலாம் என்றார்கள். ஏழை மட்டும் என்று நிறுத்தவில்லை. டாக்ஸி டிரைவர், டீச்சர், குமாஸ்தா எல்லோரும் ஒரே பிளாக்கில். இன்றைக்கும் அங்கே குடியிருப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் எச்.டி.பி. வீட்டில்தான் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் சொந்தக்காரர்கள், 99 வருடக் குத்தகைக்கு. 1988-ல் நகர மன்றச் சட்டம் வந்தது. மாதப் பராமரிப்புக் கட்டணம் வாங்க வேண்டும், அதில் ஒரு பகுதியை எதிர்கால ரிப்பேருக்கென்று தனி நிதியில் போட்டே ஆக வேண்டும். வருவாய்ச் செலவை மறக்காத அரசாங்கம். முக்கியமாக, வேலை இருந்தது. தவணை கட்டச் சம்பளம் இருந்தது.

சிங்கப்பூரை சொர்க்கம் என்று எழுத வரவில்லை. நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்திக்கொள்ளும் சட்டம் அவர்கள் கையில் இருந்தது. 1989-லிருந்து பிளாக்குக்கு இத்தனை சீனர், இத்தனை மலாய்க்காரர், இத்தனை இந்தியர் என்று ஒதுக்கீடு. சிறுபான்மைக்காரர் வீட்டை விற்கப் போனால் வாங்கும் ஆட்கள் சுருங்கிப்போவதை அங்குள்ள தமிழர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1997 தேர்தலில், எங்களுக்கு ஓட்டுப் போட்ட தொகுதிக்குத்தான் கட்டடப் புதுப்பிப்பில் முன்னுரிமை என்று ஆளும் கட்சி வெளிப்படையாகவே சொன்னது. எல்லாம் உண்மை. இருந்தும், அதே லிஃப்ட் ஒரு ஊரில் திகில் படம், இன்னொரு ஊரில் வெறும் அசௌகரியம். கட்டடம்தான் குற்றவாளி என்றால் இது எப்படி?

அதிகாரம் பிடித்த அரசாங்கம் இருந்தால்தான் நடக்குமோ என்று நினைக்க வேண்டாம். செயின்ட் லூயிஸிலேயே, யமசாகி பங்குபெற்ற நிறுவனமே வரைந்த கோக்ரன் கார்டன்ஸ் என்று இன்னொரு குடியிருப்பு. அதுவும் சீரழிந்துகொண்டிருந்தது. பெர்த்தா கில்கி என்ற, அங்கேயே வளர்ந்த பெண்மணி முன்னின்று, 1976-ல் குடியிருப்போரே நிர்வாகத்தைக் கையில் எடுத்தார்கள். வாடகை வசூல், ரிப்பேர், காவல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பட்ஜெட் அவர்கள் கையில். ப்ரூயிட் ஐகோவின் கடைசிக் கட்டடங்கள் விழுந்துகொண்டிருந்த அதே வருடத்தில் இது எழுந்து நின்றது. பிற்காலத்தில் இதையும் இடித்தார்கள். என்றாலும் இடையில் ஒரு தலைமுறை அங்கே மரியாதையாக வளர்ந்திருக்கிறது.

*

இவ்வளவு தூரம் உங்களை அழைத்துப் போனது பெரும்பாக்கத்துக்குத் திரும்புவதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970-ல் வந்தது. 2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். ஆரம்பத்தில் வாரியம் கட்டியதெல்லாம் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே, தரையும் மூன்று மாடியும். லிஃப்ட் கிடையாது. நின்று போவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. 2000-க்குப் பிறகு கதை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொத்துக் கொத்தாகக் கட்ட ஆரம்பித்தார்கள். பெரும்பாக்கத்தில் எட்டடுக்கு. 20,000 வீடுகளுக்கு மேல். ப்ரூயிட் ஐகோவை ஏழு முறை உள்ளே போடலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு ஓரத்திலிருந்து ஏராளமான குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

வீட்டு வேலை செய்கிற அம்மாவுக்கு மயிலாப்பூரில் நாலு வீடு. நடந்து போய் வந்துகொண்டிருந்தார். இப்போது 20, 25 கிலோமீட்டர். விடிவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். நாலு வீடு இரண்டாகிவிடும். வருமானத்தை வெட்டிவிட்டு, முன்பு இல்லாத ஒரு செலவை, லிஃப்டுக்கும் மோட்டாருக்குமான மாதக் கட்டணத்தை, அவர் கையில் கொடுக்கிறோம். அவர் கட்டத் தவறினால், 'வீடும் கொடுத்து மெயின்டனன்ஸும் நாமளே பண்ணணுமா?' என்று கேட்கிறோம்.

கட்டுமானத் தரமும் ஒரு பிரச்னைதான், மறுக்கவில்லை. 2021-ல் புளியந்தோப்புக் கே.பி. பார்க்கில் புதுக் கட்டடத்தின் பூச்சு கையால் தொட்டால் உதிர்ந்ததை டி.வி.யில் பார்த்தோம். ஐ.ஐ.டி. வந்து சோதித்தது. அது தனி வியாதி. நான் சொல்வது, நன்றாகக் கட்டிய கட்டடத்தையும் சாகடிக்கக் கூடிய வியாதியை.

பெரும்பாக்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஓ.எம்.ஆர். அங்கேயும் எட்டு மாடி, பத்து மாடி, இருபது மாடி. கான்கிரீட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே லிஃப்ட் ஓடுகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பணம் போகிறது, கார்ப்பஸ் ஃபண்ட் இருக்கிறது, ஏ.எம்.சி. இருக்கிறது. அதிலேயே நம் அசோசியேஷன் கூட்டங்களில் நடக்கிற குடுமிப்பிடிச் சண்டை உங்களுக்குத் தெரியாததல்ல. தரைத்தளத்துக்காரர் லிஃப்ட் செலவில் பங்கு தர மாட்டேன் என்பார். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் மெயிலுக்குப் பதில் போட மாட்டார். லட்சத்தில் சம்பளம் வாங்கும் நாமே இப்படியென்றால், அன்றாடக் கூலிக்காரர் பொறுப்பில்லாதவர் என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

ஒரு நல்ல ஆரம்பம் தெரிகிறது. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று வாரியம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புப் பணம் வசூலித்தால், அரசும் தன் பங்குக்கு அதே அளவு போடும். கோக்ரன் கார்டன்ஸ் வழி. வரவேற்க வேண்டியதுதான். ஒரே ஒரு சந்தேகம். வசூலாகிற அளவுக்குத்தான் அரசின் பங்கு என்றால், அதிகமாக உதவி தேவைப்படுகிற, வசூலே ஆகாத பிளாக்குக்குக் குறைவாகத்தானே போய்ச் சேரும்? பஸ்ஸும் வேலையும் பக்கத்தில் வந்தால்தான் வசூலும் வரும்.

அடுத்த முறை பேப்பரில் திறப்பு விழாப் படம் வரும். அமைச்சர் சாவி கொடுப்பார், வாங்குகிறவர் கண்ணில் தண்ணீர் இருக்கும். அந்தச் சந்தோஷம் நிஜமானது. ப்ரூயிட் ஐகோவில் குடிவந்த அன்றும் அப்படித்தான் இருந்தது. செய்தியில் எத்தனை கோடி, எத்தனை வீடு என்று போட்டிருப்பார்கள். நீங்கள் இன்னொரு எண்ணைத் தேடுங்கள். பத்தாவது வருடத்தில் லிஃப்ட் கயிறு மாற்றுவதற்கான பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது?

போட்டிருக்கவில்லை என்றால், ஒரு போஸ்ட் கார்டில் கேட்டு எழுதிப் போடுங்கள். சாவி வாங்கியவர் எட்டாவது மாடியில் இருப்பார். அவரால் அடிக்கடி கீழே இறங்கி வந்து கேட்டுக்கொண்டிருக்க முடியாது.